காப்புப்பிரதியின் வரலாறு: காந்த நாடாவிலிருந்து கட்டளை வரிவரை

கணினியைப் புதுமைப் பொருளென்று கொள்வோர் பலர். அதன்கண் எழுதிவைத்தவற்றைக் காக்கும் கவலையோ மிகப் பழையது. ஏட்டுச் சுவடி செல்லரித்துச் சிதையுமுன் அதனைப் புத்தேட்டிற் பெயர்த்தெழுதியோராலேயே நம் பண்டை நூல்கள் பல எஞ்சின. பெயர்த்தெழுதுவார் இன்மையால் மறைந்தனவும் பல. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றியமையும் இக்கவலை பற்றியே. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்துப் பிரதியுள்ள அச்சுநூல்களை மீளத் தேடிப் பெறுதல் கூடும். வேறு பிரதியில்லா ஏடுகள் போயினவே போயின. கணினித் துறையினர் காப்புப்பிரதி என வழங்குவது இவ்வேறுபாட்டையே அடியாகக் கொண்டது.

1951இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த யுனிவாக் கணினி உலோக நாடாவிலே தரவுகளைப் பதிந்தது. 1956இல் ஐபிஎம் நிறுவனத்தார் ஐம்பது தட்டுக்களைக் கொண்ட வட்டுச் சேமகமொன்றை வெளியிட்டனர்; அது தாங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துக்கள் மாத்திரமே. வட்டு பெருகவே நாடா இரண்டாமிடம் பெற்றது. எனினும் அழிந்துபடவில்லை. விரைவாகப் பழுதுறும் வட்டினுள் இருப்பதை மலிவான நாடாவிற் பெயர்த்து அலுமாரியில் வைத்தல் கணினிக் கூடங்களின் அன்றாட வழக்கமாயிற்று.

1969ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதனைப் பயன்படுத்துவோன் படங்களைச் சுட்டுவதில்லை; ஒரு வரியிற் கட்டளையை எழுத்தால் அமைத்துக் கொடுப்பான். 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பிலே 'ரார்' என்னுங் கட்டளை தோன்றியது. நாடாச் சேமகம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். பல கோப்புக்களை ஒருங்கே கட்டி ஒரே கோவையாக்குதல் அதன் தொழில்; நாடா அருகிய இக்காலத்தும் அது நின்று நிலவுகின்றது. அதற்கு முன்னரே, 1975இன் ஆறாம் பதிப்பில், முந்திய பிரதியின் பின் மாறியவற்றை மட்டும் எடுக்கும் 'டம்ப்' என்னுங் கட்டளையும் இருந்தது. நாள்தோறும் அனைத்தையும் பெயர்த்தெழுதுதல் வேண்டா என்னும் இவ்வெண்ணமே பின்வந்தவற்றுக்கெல்லாம் வித்தெனலாம்.

அவ்வித்து நன்கு முளைத்தது அவுஸ்திரேலியாவிலே. 1996இல் அந்நாட்டுத் தேசிய பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அன்ட்ரூ றிட்ஜெல், போல் மக்கராஸ் ஆகியோர் 'ஆர்சிங்க்' என்னும் நிரலை வெளியிட்டனர். மெல்லிய தொலைபேசி இணைப்பினூடே பெருங்கோப்பொன்றை எங்ஙனம் புதுப்பிப்பது என்பதே அவர்முன் நின்ற வினா. கோப்பு ஓரிடத்திலும், அதன் பழைய பிரதி தொலைவிடத்திலும் உள; இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்புநோக்கல் இயலாது. அவர் கண்ட வழி வியத்தற்குரியது. பழைய பிரதியை உடையவர் அதனைச் சமதுண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அடையாள எண்களைக் கணித்து அனுப்புவர். ஒன்று எளிதிற் கணிக்கத்தக்கது. மற்றது கணிப்பதற்கு அரிதெனினும் பிழைபடாது. புதிய கோப்பை உடையவர் அதன் ஒவ்வோரிடத்திலுந் தொடங்கி எளிய எண்ணைப் பார்த்துச் செல்வர். அவ்வெண் பொருந்தியவிடத்து மட்டும் அரிய எண்ணைக் கணித்துத் துணிவர். பொருந்திய துண்டை அனுப்புவதில்லை; பொருந்தாதன மட்டுமே செல்லும். கோப்பின் தலைப்பிலே ஒரு சொல் நுழைந்து எல்லாம் இடம்பெயர்ந்தாலும் இம்முறை ஏமாறுவதில்லை. இரு சுவடிகளைத் தபால்மூலம் ஒப்புநோக்கும் பதிப்பாசிரியருக்கு இதனருமை விளங்கும்.

2002இல் வெளியிடப்பட்ட 'வென்றி' என்னும் பெல் ஆய்வுகூடச் சேமகம், ஒரே உள்ளடக்கமுடைய துண்டை ஒருமுறையே வைத்தது. பின்னர் கொலின் பேர்சிவல் என்பவர் ஆக்கிய 'ரார்சினாப்' தரவை நம் கணினியிலேயே மறைகுறியாக்கித் தொலைவிடத்துக்கு அனுப்பியது. பழைய 'ரார்' கட்டளையின் எழுத்துக்களே அதற்கும் பயின்றன. திறவுகோலை இழந்தவர் தம் பிரதியையும் இழந்தவராவர் என்பதை மறத்தலாகாது. 2015ஆம் ஆண்டு முதல் 'போர்க்', 'றெஸ்ரிக்' என்பனவும் இந்நெறியிற் சென்றன.

இத்துணைக் கருவிகள் இருந்தும் 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆந் தேதி கிற்லாப் நிறுவனத்துக்கு நேர்ந்தது யாது? பொறியியலாளரொருவர் தவறான கணினியிலே அழித்தற் கட்டளை கொடுத்தார். ஏறக்குறைய 300 ஜிகாபைற்று அளவினதான தரவுத்தளத்தில் 4.5 ஜிகாபைற்றளவே எஞ்சிய பின்னரே கட்டளை நிறுத்தப்பட்டது. காப்பு முறைகள் ஐந்தனுள் ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இயங்கவில்லை. பிரதியெடுக்கும் நிரல் தரவுத்தளத்தினும் பழைய பதிப்பாயிருந்தமையால் நாடோறும் தவறியது. தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணிநேரம் முன்னர் கையால் எடுத்த பிரதியொன்றே அவர்களைக் காத்தது. நிறுவனத்தார் இதனை மறையாது வெளியிட்டமை பாராட்டற்பாலது.

பிறரை நகுதற்கு எனக்கு உரிமையில்லை. பதினோராண்டு தொகுத்த பாடக்குறிப்புக்களுக்கு யானும் பிரதி வைத்திருந்தேன். அது மூலமிருந்த அதே வட்டிலே வேறொரு கோப்புறையில் இருந்தது. வட்டு பழுதாயிற்று, இரண்டும் ஒருங்கே போயின. பழைய மாணவரொருவர் தம்மிடமிருந்த தாள்களைக் கொணர்ந்து தந்தமையாற் பாதியை மீளத் தட்டெழுதினேன். அப்பால் கட்டளை வரியைக் கற்று, வேறோரூரிலுள்ள கணினிக்கு இரவுதோறும் பிரதி செல்லுமாறு அமைத்துள்ளேன். தவணைக்கொருமுறை யாதேனுமொரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பார்ப்பேன். சென்ற தவணை திறந்தது ஒல்லாந்தர் காலத் தோம்புகள் பற்றிய குறிப்பு. ஆண்டொன்றைப் பிழையாக எழுதித் திருத்தாது விட்டிருந்தேன். அப்பிழையும் எழுத்து வழுவாமல் அங்ஙனமே மீண்டிருந்தது.