ஜவ்வாது மலையில் கருக்கால இரத்த அழுத்தமும் பாராதைராய்டு ஹார்மோனும்

கருக்காலத்தில் பிரஷர் ஏறினால் 'ஹார்மோன் கூடிவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். உடலியல் காட்டுவது ஏறக்குறைய நேர்மாறான நிலை. இயல்பான கர்ப்பத்தில், அழுத்தத்தை ஏற்றும் ரெனினும் ஆஞ்சியோடென்சினும் வெகுவாகப் பெருகுகின்றன. ஆனால் அழுத்தம் உயர்வதில்லை, நடுமாதங்களில் சற்றுத் தாழவும் செய்கிறது. ஆஞ்சியோடென்சினின் தூண்டலுக்கு இரத்தக் குழாய்கள் எளிதில் சுருங்காததே காரணம். முன்சூல்வலிப்புக்கு (ப்ரீஎக்ளாம்ப்சியா) ஆளாகவிருக்கும் பெண்களிடம் இந்த எதிர்ப்புத்திறன் நோய் தெரியும் முன்பே, பல வாரங்களுக்கு முன்னரே குலைகிறது என்று 1973-இல் டல்லஸின் கேன்ட் குழுவினர் காட்டினர். நோய் வெளிப்பட்டபின் ரெனின் அளவு நலமான கர்ப்பிணிகளைவிடக் குறைந்தே காணப்படுகிறது.

மூலக் கோளாறு நஞ்சுக்கொடியில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அனந்த் கருமாஞ்சியின் பாஸ்டன் குழு, நஞ்சுக்கொடி மிகுதியாகச் சுரக்கும் எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதம் குழாய்களின் உட்சுவரைக் காக்கும் காரணிகளை முடக்குவதை 2003-இல் நிறுவியது. அப்புரதத்தை அளக்கும் பரிசோதனை நகரங்களிலேயே அரிது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களுக்கு அதை நம்பித் திட்டமிட முடியாது. அங்கே நம் கைக்கு எட்டும் ஹார்மோன் பாராதைராய்டுதான் என்பது என் வாதம்.

உணவில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் உயர்கிறது. அதனால் குழாய்த் தசை அணுக்களுக்குள் கால்சியம் கூடி, தசை இறுகி அழுத்தம் ஏறுகிறது என்பது கருதுகோள். சுண்ணாம்பு நீரில் ஊறிய மக்காச்சோளத்தை உண்ணும் குவாத்தமாலா மாயர்களிடம் சூல்வலிப்பு அரிதாக இருந்ததைக் கொண்டு, 1980-இல் ஆய்வாளர்கள் பெலிசானும் வில்லாரும் இத்தொடர்பை முன்வைத்தனர். மறுப்பும் வலுவானதே: போதிய கால்சியம் உண்ட அமெரிக்கப் பெண்களிடம் 1997-இல் முடிந்த பெரிய சோதனையில் கூடுதல் கால்சியம் பயன் தரவில்லை. கால்சியம் குறைவாக உண்போரிடையே, இந்தியாவும் இடம்பெற்ற 2006-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனச் சோதனையில் முன்சூல்வலிப்பின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. வலிப்பும் கடுமையான சிக்கல்களும் குறைந்தன. நஞ்சுக்கொடியைச் சீராக்காமல் குழாயின் இறுக்கத்தை மட்டும் தளர்த்தும் ஒரு பொருளிடம் எதிர்பார்க்கக்கூடிய விளைவும் இதுதான். ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழி நீண்ட இடத்தில் அந்த வேறுபாடு அற்பமன்று.

ஜவ்வாது மலையின் பெயர்பெற்ற தானியம் சாமை. 100 கிராம் சாமையில் 20 மில்லிகிராம் கால்சியம்கூட இல்லை. ரேஷன் அரிசியில் அதைவிடவும் குறைவு. அதே மலையில் விளையும் கேழ்வரகிலோ சுமார் 350. 'சிறுதானியம் உண்ணுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பிரசாரம் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட் கால்சியம் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் களி மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்து 2024-இல் வெளியான சோதனையில், முன்சூல்வலிப்பைத் தடுப்பதில் நாளுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் 1,500-க்குச் சளைக்கவில்லை. ஒரே மாத்திரை என்றால் தொடர்ந்து விழுங்குவது எளிது. ஆனால் அச்சோதனையில் 20 வாரத்துக்கு முன்பே மாத்திரை தொடங்கப்பட்டது. ஆகவே மலைக் கிராமங்களில் கர்ப்பத்தைப் பதியும் மாதமே மாத்திரைக்கும் முதல் பிரஷர் அளவுக்கும் உரிய மாதம். இரும்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் தர வேண்டும்.