வயிற்றில் கத்தி, தொண்டையில் வலி

போன ஆடியில் எனக்குப் பித்தப்பைக் கல் அறுவை நடந்தது. கண் விழித்தபோது வயிற்றைவிடத் தொண்டைதான் அதிகம் வலித்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. குரல் கம்மிப் போயிருந்தது. மனைவி கொண்டுவந்த கொள்ளு ரசம் இறங்கவில்லை. என் அண்ணன் தொண்டைப் புற்றுநோயில் போனவர். அன்று இரவு முழுவதும் அவர் நினைவுதான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். “ஏனுங்கய்யா, தொண்டை வலிக்குதுங்களா? மூச்சுக்குழாயில டியூப் போட்டிருந்தமுங்க. ரெண்டு மூணு நாள்ல சரியாயிருமுங்க. முந்தின நாளே சொன்னனுங்களே, ஃபாரத்துலயும் எழுதியிருக்குதுங்க” என்றார்.

முப்பத்து நான்கு வருட குமாஸ்தா வேலையில் படிக்காத தாளில் நான் சுருக்கொப்பம்கூட இட்டதில்லை. அன்று மட்டும் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்!

வீடு வந்ததும் இந்தக் குழாயின் கதையைத் தேடிப் படித்தேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர்தான். பாரிஸ் குழந்தை மருத்துவர் எழேன் பூஷு, தொண்டை அடைப்பான் நோயில் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கு வாய் வழியாகச் சிறு உலோகக் குழாயைக் குரல்வளையில் பொருத்தினார். 1858-இல் அதை அறிவித்தபோது, கழுத்தில் துளையிடுவதே சரி என்றிருந்த திரூசோ முதலிய பெரியவர்கள் ஏற்கவில்லை. 27 வருடம் கழித்து, 1885-இல், நியூயார்க்கில் ஜோசப் ஓட்வயர் அதே வழியை நிலைநாட்டினார்.

அறுவைக்காக முதலில் குழாய் போட்டவர் கிளாஸ்கோவின் வில்லியம் மெக்கீவன். 1878-இல், நாக்கின் அடியில் புற்று வந்த ஒருவருக்கு, அவர் விழித்திருக்கும்போதே விரலால் வழிகாட்டிக் குழாயை இறக்கி, அதன் வழியே குளோரோஃபார்ம் கொடுத்தார். ரத்தம் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பதே நோக்கம். முதல் உலகப் போருக்குப் பின், முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் ஐவன் மெகில் ரப்பர் குழாய்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1928-இல் அமெரிக்காவின் கெடலும் வாட்டர்ஸும் காற்றடைத்த சிறு பலூன் சேர்த்த குழாயை அறிமுகப்படுத்தினார்கள். பலூன் எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்று காட்ட, கெடல் தன் நாயை மயக்கிக் குழாய் செருகித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். நாய் பிழைத்து எழுந்தது.

நம் தொண்டை வலிக்கு அந்தப் பலூனும் ஒரு காரணம். வயிற்று நீர் நுரையீரலுக்குள் போகாமல் அது காக்கிறது. ஆனால் அழுத்தம் கூடினால் மூச்சுக்குழாயின் மெல்லிய உட்தோலுக்கு ரத்தம் போவது குறையும். அதனால்தான் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் வைக்கிறார்கள். குழாய் குரல் நாண்களின் நடுவே போவதால் உராய்வும் உண்டு.

எனக்கு நான்காம் நாள் குரல் திரும்பியது. அதன் பிறகுதான் அண்ணனை நினைத்துப் பயந்த கதையை மனைவியிடம் சொன்னேன். நன்றாகத் திட்டு வாங்கினேன்.

என் வயது நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆடும் பல்லோ, பல் செட்டோ இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் காட்டுங்கள். ஃபாரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.