தரங்கம்பாடிக்கு ரயில் போன காலம்

நம் அனகாபுத்தூருக்கு ரயில் நிலையம் கிடையாது. பல்லாவரம் போய்த்தான் ரயில் ஏறுகிறோம். வெளியூர் என்றால் பெரும்பாலும் தாம்பரம். இருந்த நிலையத்தை இழந்த ஒரு ஊரின் கதை இது. மயிலாடுதுறைப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்குத் தெரிந்த கதையாகவும் இருக்கலாம்.

தரங்கம்பாடி என்றதும் உங்களுக்கு டேனிஷ் கோட்டை நினைவுக்கு வரும். 1620-இல் டென்மார்க்காரர்கள் அங்கே வந்தார்கள். 1845-இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அந்தப் பக்கம் போய்விட்டது. தரங்கம்பாடித் துறைமுகம் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

அந்தக் காலத்தில் தஞ்சை மாவட்டம் ஒரு அரிய காரியத்தைச் செய்தது. நில வரியோடு ஒரு சிறு கூடுதல் வரியை வசூலித்து, அந்தப் பணத்தில் ரயில் பாதை போட்டது. 1894-இல் திறந்த மாயவரம் - முத்துப்பேட்டை பாதை அப்படி விவசாயிகளின் காசில் வந்ததுதான். அதே மாயவரம் சந்திப்பிலிருந்து 1926-இல் தரங்கம்பாடிக்கும் மீட்டர் கேஜ் பாதை வந்தது. தூரம் சுமார் 30 கிலோமீட்டர். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஊர் ஊராக நின்று போகும் ரயில். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்ய வந்தவர்களுக்கு இந்த ரயில் கோவில் ஊர் வரைக்கும் வந்தது.

அறுபது வருடம் ஓடிய அந்தப் பாதை 1986-இல் மூடப்பட்டது. புயலோ வெள்ளமோ காரணமில்லை. பக்கத்துச் சாலையில் பேருந்துகள் அடிக்கடி ஓடின. ரயிலோ மெதுவாக, நாளுக்குச் சில முறைதான் ஓடியது. வண்டி குறைவாக இருந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்தால் நஷ்டக் கணக்கு வரும். நஷ்டம் என்றால் மூடுவதுதான் முடிவு. பல கிளைப் பாதைகளுக்கு நேர்ந்தது இதுதான்.

ஆனால் எல்லாப் பாதையும் போனது போனதாகவே இருந்துவிடவில்லை. 1976-இல் மூடிய நீடாமங்கலம் - மன்னார்குடி பாதை 2011-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. இன்று நீங்கள் தாம்பரத்தில் ஏறும் மன்னை எக்ஸ்பிரஸ் அதில்தான் போகிறது. வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல் மறுபடி ரயில் வந்தது. தரங்கம்பாடிக்கு மட்டும் இன்னும் வரவில்லை. மயிலாடுதுறையில் இறங்கி, பேருந்து பிடித்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மூடிய பாதையைத் திறக்க மன்னார்குடிக்கு 35 ஆண்டுகள் ஆயின. நம் தெருவுக்கு வரும் பேருந்துக்கும் அதே கணக்குதான். நடைகளைக் குறைக்கும்போதே கேட்க வேண்டும். நின்ற பிறகு மனு கொடுத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அதைவிட முக்கியம், இருக்கும் பேருந்தில் நாம் ஏற வேண்டும்.

தரங்கம்பாடி ரயிலில் போனவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய பயணச்சீட்டோ படமோ இருந்தால், இரண்டு வரி நினைவுகளோடு சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்ப்போம்.