சென்னை காசநோய் ஆய்வு: வீட்டுச் சிகிச்சை பிறந்த வரலாறு

சென்னை காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் இணைந்து இதனை உருவாக்கின. பிரித்தானிய மருத்துவர் வாலஸ் பாக்ஸ் தொடக்க கால ஆய்வுகளை வழிநடத்தினார்.

பின்னணி

அக்காலத்தில் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் சத்துணவும் அளிப்பதே முறையான சிகிச்சையாகக் கருதப்பட்டது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டால் இந்தியாவில் இருந்த படுக்கைகள் மிகக் குறைவு. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்தில் உழைப்பவர் ஓராண்டு மருத்துவமனையில் தங்குவதும் எளிதன்று. அவரை வீட்டிலேயே வைத்தால் பிள்ளைகளுக்கு நோய் தொற்றுமே என்ற அச்சமும் இருந்தது.

ஆய்வு

நகரின் ஏழ்மையான, நெரிசல் மிக்க பகுதிகளைச் சேர்ந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டனர். முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் மருந்து உட்கொள்வது கண்காணிக்கப்பட்டது.

முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயின. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நோய்க்கிருமி அடங்கிய நிலையை எட்டியிருந்தனர். வீட்டில் இருந்தோர் குறைந்த உணவு உண்டு, கூடுதலாக உழைத்தும் இந்நிலையை அடைந்தனர். அவர்களது குடும்பத்தாருக்குத் தொற்று ஆபத்து கூடவில்லை என்பதும் தொடர் கண்காணிப்பில் தெரியவந்தது. சிகிச்சை தொடங்கும் முன்பே பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிடுகிறது என்பதே இதற்குக் காரணம்.

தாக்கம்

1959இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் அமைந்தது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டு, மாவட்டந்தோறும் மையங்களை அமைக்க முற்பட்டது. நலம் தெரிந்ததும் பலர் மருந்தை நிறுத்திவிடுவதைக் கண்ட சென்னை ஆய்வாளர்கள், பணியாளர் முன்னிலையில் வாரம் இருமுறை மருந்து தரும் முறையையும் சோதித்தனர். 1990களில் உலகெங்கும் பரவிய 'டாட்ஸ்' முறைக்கு அதுவும் ஓர் அடித்தளமானது.

வெளிநாட்டு வல்லுநர்கள் விடைபெற்ற பின்னரும் மையம் நிலைத்தது. இன்று அது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது.