பல்லாவரத்து வீடு

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர். 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் அங்கே கட்டிய பழைய பாலத்தை வெள்ளைக்காரர்கள் 'மர்மலாங்' என்றார்கள். மாம்பலம் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று. மர்மலாங் போய் மறைமலை வந்ததில் ஓசைப் பொருத்தம் ஒன்றும் இருக்கிறது. அதே சாலையில் தாம்பரம் தாண்டித் தெற்கே போனால் மறைமலைநகர். பாலத்துக்கும் நகருக்கும் இடையில் இருக்கும் பல்லாவரத்தில்தான் அந்த மனிதர் 1911 முதல் 1950 வரை குடும்பத்தோடு வாழ்ந்தார், எழுதினார், அச்சடித்தார், இறந்தார். பாலத்தையும் நகரையும் தினம் கடக்கிறவர்கள் பல்லாயிரம் பேர். வீட்டைப் பற்றி யோசிக்கிறவர்கள் குறைவு.

நம் இலக்கிய வரலாற்றில் அவரைப் பற்றி இரண்டு மனோபாவங்கள்தாம் உண்டு. ஒன்று, தமிழாசிரியர்களின் வழிபாடு. மற்றது, நம் சிறுபத்திரிகை வட்டாரத்தின் மெளனம் அல்லது மெல்லிய நகைப்பு. வழிபடுகிறவர்களுக்கு அவர் ஒரு சிலை. நகைப்பவர்களுக்கு அவர் ஒரு சொற்பட்டியல். இரு தரப்பாருமே ஒரு வீட்டில் நடந்ததை ஓர் இயக்கமாக மட்டும் பார்த்துவிட்டார்கள். தனித்தமிழ் மேடையில் பிறந்ததல்ல. ஒரு தகப்பனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் நடந்த பேச்சில் பிறந்தது. ஆகவே அந்த வீட்டின் அன்றாடத்திலிருந்து ஆரம்பிப்பதே முறை.

வேதாசலம் 1876-ல் நாகப்பட்டினத்தில் பிறந்தார். தகப்பனார் சொக்கநாத பிள்ளை வைத்தியர். பையன் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே தகப்பனார் காலமாகிவிட, படிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பின் தமிழ் கற்றது நாராயணசாமி பிள்ளை என்ற புத்தக வியாபாரியிடம். புத்தகக் கடையே கல்லூரியாக அமைந்தவர்களுக்குப் புத்தகத்தின் மேல் ஒரு தனி வெறி உண்டாகும். இவருக்கு அது கடைசிவரை இருந்தது. பட்டம் ஏதும் இல்லாத இவர் 1898-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அங்கே மூத்த சகாவாக இருந்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரி. கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. சாஸ்திரி 1903-ல், முப்பத்து மூன்றாம் வயதில், க்ஷயரோகத்தில் இறந்தார்.

பதின்மூன்று வருஷம் ஓடியபின், பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. தமிழாசிரியர்களின் தேவை குறைந்தது. வேதாசலம் 1911-ல் வேலையை விட்டார். அப்போது வயது முப்பத்தைந்து, மனைவி, குழந்தைகள். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஏற்பாட்டில் வாழும் என் போன்றவர்களுக்கு இதன் கனம் உடனே புரியும். கொள்கை என்று சொல்லிவிடலாம். ஆனால் கொள்கைக்கும் அரிசி வேண்டும்.

அந்த வருஷமே பல்லாவரம் வந்தார். பல்லாவரம் அப்போது ராணுவக் குடியிருப்பும் கல் குவாரிகளும் ரயில் நிலையமும் உள்ள ஓர் ஊர். மகேந்திரவர்மன் காலத்துக் குகைக்கோயில் அங்கே உண்டு. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் அங்கேதான். காற்று நல்லது என்று பேர் வாங்கிய பக்கம். டாக்டர் சவரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் க்ஷயரோக சானடோரியம் ஆரம்பித்ததும் இந்தக் காற்றை நம்பித்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 1937-ல், கிறிஸ்தவக் கல்லூரியே ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் இருபத்தாறு வருஷத்துக்கு முன் விட்டுவந்த கல்லூரி அவர் ஊரைக் கடந்து போய் மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்கிக்கொண்டது. வரலாறு சில சமயம் இப்படி ஓசையில்லாமல் கேலி செய்யும்.

வேலையை விட்ட அதே வருஷத்தில் காவி உடுத்தினார். ஆனால் வீட்டை விடவில்லை. செளந்தரவல்லி அம்மையாரை மணந்தது 1893-ல். காவி கட்டிய பின்னும் மனைவியோடும் பிள்ளைகளோடும் அதே கூரையின் கீழ் இருந்தார். இது போலித்தனம் என்று அவசரப்பட்டுச் சொல்பவர்கள் சைவத்தில் இல்லறத்துக்குள்ள இடத்தை அறியாதவர்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. சம்பளமில்லாத ஒரு எழுத்தாளனுக்கு அன்றைய சமூகத்தில் பெயர் கிடையாது. சாமியாருக்கு உண்டு. காவி, அவர் செய்யத் துணிந்த காரியத்துக்கு அந்தக் காலம் அனுமதித்த உடுப்பு. வருமானம் சொற்பொழிவுகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் வந்தது. இலங்கைத் தமிழர்களின் ஆதரவும் பெரிது. வீட்டிலேயே அச்சுக்கூடம். 1902-ல் தொடங்கிய 'ஞானசாகரம்' பத்திரிகை. சுமார் நாலாயிரம் புத்தகங்கள். பத்திரிகை நடத்தி நஷ்டப்பட்டவர்கள் இந்தப் பட்டியலைப் படித்தாலே போதும், மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

1916-ல் நடந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு இருந்தபோது வள்ளலாரின் ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் 'தேகம்' என்று வரும் இடத்தில் 'யாக்கை' என்றிருந்தால் இன்னும் இனிமையாக இருக்கும் என்று பேச்சு எழுந்தது. அப்படியானால் நாமே இனி அப்படி எழுதலாமே என்பது மகளின் கேள்வி. வேதாசலம் மறைமலை ஆனார். 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று. பிள்ளைகளின் பெயர்களும் தப்பவில்லை. திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு; மாணிக்கவாசகம் மணிமொழி; சுந்தரமூர்த்தி அழகுரு; திரிபுரசுந்தரி முந்நகரழகி. திருநாவுக்கரசு மட்டும் ஏற்கெனவே தமிழாக இருந்ததால் பிழைத்தார்.

சிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சூரியநாராயண சாஸ்திரி தம் பெயரை முன்பே 'பரிதிமாற் கலைஞர்' என்று மொழிபெயர்த்துக்கொண்டவர். அது புத்தகத்தின் முகப்புக்கான பெயர், ஒரு புனைபெயர். வீட்டில் அவர் சாஸ்திரிதான். மறைமலையடிகள் செய்தது வேறு: சாப்பாட்டுக்குக் கூப்பிடும் பெயரையே மாற்றினார். ஒரு கொள்கை நடுக்கூடத்துக்கும் சமையலறைக்கும் போனால்தான் அது நிஜம் என்று நம்பினார். இந்த நம்பிக்கை நவீன இலக்கியவாதிகளான நம்மிடம் இல்லை. நம் புரட்சிகள் பத்திரிகையின் பக்கங்களில் முடிந்துவிடுகின்றன.

இதே மனிதரின் அலமாரி தூய்மையானதல்ல. 1911-ல் வந்த 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' ரெயினால்ட்ஸின் 'லைலா' நாவலின் தழுவல். ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் லண்டனில் பென்னிக்கு விற்ற வாரத் தொடர்களின் ராஜா. தன் நாளில் டிக்கன்ஸைவிட அதிகம் விற்றவர் என்பார்கள். ஊரில் மதிப்பிழந்த பின்னும் இந்தியாவில் அவருக்குக் கிராக்கி குறையவில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவரைக் கரைத்துக் குடித்தவர்கள். சங்க இலக்கியத்தில் ஊறிய ஒருவர் அதே ஜனரஞ்சகப் பெட்டியிலிருந்து ஒரு கதையை எடுத்திருக்கிறார். அறிதுயில் என்று ஹிப்னாட்டிஸம் பற்றி எழுதினார். தொலைவில் உணர்தல் பற்றி எழுதினார். சாவுக்குப் பின் மனிதர் நிலை பற்றி, பொருந்தும் உணவு பற்றி, நூறாண்டு வாழ்வது பற்றியெல்லாம் எழுதினார். அந்தக் காலத்து ரயிலடிப் புத்தகக்கடையில் என்னவெல்லாம் தொங்கியதோ அதெல்லாம் அவருக்கும் வேண்டியிருந்தது. அவரைப் பண்டிதர் என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நூறாண்டுக்கு வழி சொன்னவர் எழுபத்து நான்கில் இறந்தார் என்பதை ஒரு தகவலாக மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் விசித்திரமானது அவருடைய நாட்குறிப்பு. பல்லாண்டுகள் விடாமல் எழுதினார்; ஆங்கிலத்தில். ஆங்கிலம் அவருக்கு எதிரியல்ல, சமஸ்கிருதமே எதிரி என்று ஒரு வரியில் இதற்குப் பதில் சொல்லிவிடலாம். அது போதாது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை கால் நூற்றாண்டு தமிழிலேயே நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அது வாய்க்கு வந்த தமிழ். பிரெஞ்சும் பாரசீகமும் கலந்து தூசியோடு வரும் தமிழ். அடிகள் தமிழை உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டார். தலைவலியையும் கடனையும் கோபத்தையும் எழுத அந்த உயரத்திலிருந்து இறங்க வேண்டும். இறங்குவதற்குப் பதில் வேறு மொழிக்குப் போய்விட்டார் என்று தோன்றுகிறது. 1921-ல் வெளிவந்த 'கோகிலாம்பாள் கடிதங்க'ளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இளம் கைம்பெண் ஒருத்தி தன் மனத்தைக் கடிதங்களில் கொட்டும் கதை. தன் அந்தரங்கத்துக்கு ஆங்கிலம், கற்பனைப் பெண்ணின் அந்தரங்கத்துக்குத் தமிழ். 'நான்' என்று தமிழில் எழுத அவருக்கு ஒரு முகமூடி தேவைப்பட்டது. தமிழ் உரைநடை அதன்பின் அரை நூற்றாண்டு பட்ட பாடு இந்த ஒரு இடத்திலேயே தெரிகிறது.

விமர்சனத்தில் அவருக்கு நாம் பட்டிருக்கும் கடனையும் சொல்ல வேண்டும். 1903-ல் வந்த 'முல்லைப்பாட்டு ஆராய்ச்சி'யில், செய்யுளின் சொற்களை எங்கெங்கிருந்தோ பிடுங்கி ஒட்டவைத்துப் பொருள் சொல்லும் நச்சினார்க்கினியர் முறையை மறுத்து, பாட்டைப் பாட்டாகவே, அதன் போக்கிலேயே படிக்க வேண்டும் என்று வாதிட்டார். கவிதையின் உருவத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு பேசியது 'எழுத்து' பத்திரிகை பிறந்த 1959-க்குப் பிறகுதான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உரையாசிரியரை எதிர்த்து மூலத்தின் பக்கம் நின்ற இருபத்தேழு வயது வாத்தியாரை நாம் படிக்கவில்லை. பின்னாளில் வந்த பதிப்புகளில் அவரே தம் பழைய நடையிலிருந்த வடசொற்களைக் களைந்தார். சொல்லை மாற்றியதில் சில வாக்கியங்கள் விறைத்தும் போயின. ஆனால் பார்வை 1903-லேயே இருந்தது. அதற்குத் தனித்தமிழ் தேவைப்படவில்லை.

அவருடைய சொற்களைக் கேலி செய்பவர்கள் கூட்டத்தில் 'அக்கிராசனர்' என்று சொல்வதில்லை, 'தலைவர்' என்கிறார்கள். 'வந்தனோபசாரம்' போய் 'நன்றியுரை' வந்தது. கல்யாணப் பத்திரிகைகளில் 'விவாக'த்தைத் 'திருமணம்' ஒதுக்கிவிட்டது. இவையெல்லாம் அவர் ஒருவரே செய்ததல்ல. அவர் கிளப்பிய காற்றில் வந்தவை. ஆனால் எல்லாம் வென்றுவிடவில்லை. வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தெரியும். படிவத்தில் 'காசோலை' என்று அச்சடித்திருக்கும். எதிரில் நிற்பவர் 'செக்' என்பார். 'வரைவோலை' காகிதத்தில், 'டிராஃப்ட்' வாயில். பணம் ஒன்றுதான். எது வாழும் என்று தீர்மானிப்பது அகராதியும் அல்ல, அரசாங்கமும் அல்ல. ஒரு சொல்லை வீட்டில் குழந்தையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட யாராவது இருக்க வேண்டும். இதை அவர் சரியாகவே ஊகித்திருந்தார். இந்தக் கட்டுரையிலுள்ள 'மனோபாவம்', 'அந்தரங்கம்' போன்ற சொற்கள் அவருக்கு உவப்பாக இரா. எனக்கு அவை வீட்டுச் சொற்கள்; அவருக்கு இல்லை. வழக்கு அவ்வளவுதான்.

அந்த வீட்டின் பெண்களைப் பற்றி ஒன்று. செளந்தரவல்லி அம்மையாரின் குரல் பதிவுகளில் அநேகமாக இல்லை. காவி கட்டிய கணவனோடு, வரும்படி நிச்சயமில்லாத வீட்டில், அச்சு இயந்திரத்தின் ஓசைக்கு நடுவில் பிள்ளைகளை வளர்த்தவர் என்ன நினைத்தார் என்பது எந்த மொழியிலும் எழுதப்படவில்லை. மகள் நீலாம்பிகை எழுதினார். 1920-ல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைத் தொடங்கிய திருவரங்கம் பிள்ளையை மணந்தார். 1938 நவம்பர் 13-ல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், ஈ. வெ. ராமசாமியைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானித்த மாநாடு அது. பெயர் மாற்றும் வழக்கம் பல்லாவரத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது! தகப்பனாருக்கு முன்பே அவர் இறந்தார். திருவரங்கத்தின் தம்பி சுப்பையா பிள்ளை 1958-ல் லிங்கிச் செட்டித் தெருவில் அடிகளின் புத்தகங்களை வைத்து ஒரு நூலகம் திறந்தார். வீட்டு அலமாரி அப்படித்தான் பொதுச் சொத்தாயிற்று.

1937-ல் வடசொற்களுக்குத் தமிழ்ச் சொல் தரும் அகரவரிசை ஒன்றை அந்த மகளே தொகுத்து வெளியிட்டார். தோட்டத்துப் பேச்சு இருபத்தொரு வருஷத்தில் ஒரு அகராதியாகியிருந்தது. தொகுத்தவரின் பெயர் 'நீலாம்பிகை' என்றே இருந்தது. இரண்டு பாதியும் வடமொழி. அதை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஆரம்பித்து வைத்தவள் தன் பெயரோடேயே நின்றாள்.