தவளைத் தோலில் ஒரு ஷார்ட் சர்க்யூட்

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். வடிகட்டிய சோடியத்தில் 99 சதவீதம் நுண்குழல்களின் சுவர் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. அது தானாக ஊறிப் போகிறதா, இல்லை செல்கள் ஆற்றலைச் செலவழித்துத் தள்ளுகின்றனவா? இதைப் பிரித்தறியும் வழி கிடைத்தது தவளைத் தோலில்.

ஹான்ஸ் உஸ்ஸிங் (1911–2000) டென்மார்க்காரர். முதலில் கிரீன்லாந்து கடலின் மிதவை உயிரிகளை ஆராய்ந்தவர். பிறகு கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். குளத்து நீரில் உப்பு மிகக் குறைவு, தவளையின் ரத்தத்தில் அதிகம். அப்படியிருந்தும் தவளை தோல் வழியாக உப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று க்ரோக் 1930களில் காட்டியிருந்தார். தோலின் இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்தம் இருப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு அயனியை நகர்த்த வெளியிலிருந்து இரண்டு விசைகள் உண்டு: செறிவு வேறுபாடு, மின்னழுத்தம். உஸ்ஸிங் இரண்டையும் ஒழித்துக்கட்டினார். தோல் துண்டை இரண்டு அறைகளுக்கு நடுவே பொருத்தினார். இருபுறமும் ஒரே கரைசல். செறிவு வேறுபாடு போச்சு. வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்து மின்னழுத்தத்தைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தினார். நம்ம ஷார்ட் சர்க்யூட்தான்! இந்த நிலையில் எந்த அயனியும் ஒரு பக்கமாகப் போக வெளிக்காரணம் இல்லை.

ஆனாலும் மின்னோட்டம் நிற்கவில்லை. உஸ்ஸிங்கும் கார்ல் ஸெரானும் கதிரியக்க சோடியத்தை அடையாளமாக வைத்து, உள்ளே போவது எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு என்று அளந்தார்கள். உள்ளே சேர்ந்த நிகர சோடியமும் அந்த மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அப்படியென்றால் சோடியத்தைத் தள்ளுவது செல்லேதான். 1951இல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, நாம் பிழை தேடும் அதே முறை இருப்பது: மற்ற காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்ப்பது.

1957இல் அதே நாட்டின் யென்ஸ் ஸ்கௌ, நண்டின் நரம்பில் சோடியம்–பொட்டாசியம் பம்பாக வேலை செய்யும் நொதியைக் கண்டறிந்தார். 1958இல் உஸ்ஸிங்கும் வால்போர்க் கோஃபோட்-யோன்சனும் தோல் செல்லுக்கு ஒரு வரைபடம் தந்தார்கள்: வெளிப்பக்கச் சவ்வு சோடியத்தை உள்ளே விடும் வாசல், உட்பக்கச் சவ்வில் அதை வெளியே தள்ளும் பம்ப். செல்லின் இரு பக்கங்களும் ஒரே மாதிரி இல்லை என்பதே இதன் சாரம்.

சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்க்கு இந்தப் படம் அப்படியே பொருந்துகிறது. அங்கே சிறுநீர்ப் பக்கம் வாசல், ரத்தப் பக்கம் பம்ப். சிறுநீர் பிரிக்கும் மருந்தான அமிலோரைடு இந்த வாசலைத்தான் அடைக்கிறது. தவளைத் தோலிலும் அதே வேலையைச் செய்யும்.

ஸ்கௌவுக்கு 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. உஸ்ஸிங்குக்கு நோபல் கிடைக்கவில்லை. ஆனால் குடல், நுரையீரல் திசுக்களில் அயனிகள் எப்படிக் கடக்கின்றன என்று பார்க்கும் ஆய்வகங்களில் அந்த இரட்டை அறைக் கருவி இன்றும் ஓடுகிறது. அதன் பெயர் உஸ்ஸிங் சேம்பர்.