குறைத்துத் தீர்த்த கடனும் குறையாத பதிவும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கடனின் வரலாற்றை எழுத வருகிற எவரும் இன்று டேவிட் கிரேபருக்குப் பதில் சொல்லாமல் நகர முடிவதில்லை. கடனின் ஐயாயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்லும் அவருடைய நூல் 2011-ல் வந்தது. மெசொப்பொத்தேமிய மன்னர்கள் அவ்வப்போது கடன்களைத் தள்ளுபடி செய்தது, கிளர்ந்தெழுந்த மக்கள் பல நாடுகளிலும் முதல் வேலையாகக் கடன் ஏடுகளைத் தேடி அழித்தது என்று அடுக்கிக்கொண்டே போய், இக்காலத்துக்கும் ஒரு பொதுத் தள்ளுபடி வேண்டும் என்ற இடத்தில் அந்நூல் முடிகிறது. அவருடைய பார்வையில் ஏடும் கடனும் ஒன்று. களிமண் பலகையை உடைத்தால் கடன் போயிற்று. கடன் போனால் பலகைக்கு வேலையில்லை.

பழைய பாபிலோனுக்கு இது பொருந்தலாம். கடனுக்குப் பிள்ளையை அடகு வைத்தவனுக்கு அந்தப் பலகை ஒன்றே சாட்சி. ஆனால் இந்தப் படத்தை நம் காலம்வரை இழுத்துவரும்போது கிரேபர் ஒன்றைத் தவறவிடுகிறார் என்பது என் வாதம். கடன் தீர்வதும் கடனைப் பற்றிய பதிவு தீர்வதும் தனித்தனி வரலாறுகள். ஒன்று சட்டத்தில் ஓடுகிறது, மற்றது கணக்கில் ஓடுகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்று மலேசியாவில் ஒருவர் வங்கியோடு பேசி, பத்தாயிரம் வெள்ளிக் கடனை ஆறாயிரத்துக்கு முடித்துக்கொண்டால் சட்டத்தின் கண்ணில் அவர் கடனாளி அல்லர். அடுத்த கடனுக்கு மனுப் போடும்போதுதான் பழைய கதை மேசைக்கு வருகிறது. இந்த இடைவெளி எப்போது, எப்படி விழுந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்குப் புக்கிட் பெலண்டோக்கை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், சிப்பாங்கை ஒட்டிய பக்கம், ரப்பரும் பின்னர் செம்பனையுமாக வாழ்ந்த ஊர் இது. வெளியுலகம் இதை அறிந்தது 1998-99 நிப்பா நோயால். நோய்க்கிருமிக்குப் பெயர் தந்த சுங்கை நிப்பா கம்பம் இங்கேதான் இருக்கிறது. தோட்டக் கடைப் பற்று, செட்டியார் கடன், ஆலோங் எனும் உரிமமில்லா வட்டிக்காரரின் கடன், வங்கிக் கடன் என்று கடனின் எல்லா வகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தோட்டப்புறம் இது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குகள் ஒரே மாதிரி இல்லை.

முதலில் சட்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன் 63-ஆம் பிரிவு, கடன் கொடுத்தவர் தனக்கு வர வேண்டியதை முழுவதுமோ ஒரு பகுதியோ விட்டுக்கொடுக்கலாம், அதற்குப் பதிலாகத் தனக்குச் சரியென்று படும் எதையும் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. கீழே எடுத்துக்காட்டுகள். ஒருவர் 5,000 ரூபாய் தர வேண்டும், 2,000 தருகிறார், மொத்தக் கடனுக்கும் ஈடாக மற்றவர் அதை ஏற்கிறார், முழுக் கடனும் தீர்ந்தது. இன்னொன்றில் 5,000 ரூபாய்க் கடனுக்கு மூன்றாம் ஆள் ஒருவர் 1,000 ரூபாய் கட்டுகிறார், அதுவும் தீர்வுதான். கடைசி எடுத்துக்காட்டில், பலரிடம் கடன்பட்ட ஒருவர் எல்லாரோடும் பேசி ரூபாய்க்கு எட்டணா வீதம் கொடுக்க, 2,000 ரூபாய்க் கடன் 1,000-த்தில் முடிகிறது.

இது சின்ன விஷயம் அல்ல. இங்கிலாந்துச் சட்டம் இதற்கு நேர்மாறு. 1602-ல் பின்னல் வழக்கில் சொல்லப்பட்டு, 1884-ல் ஃபோக்ஸ் எதிர் பியர் வழக்கில் பிரபுக்கள் சபை உறுதிசெய்த விதிப்படி, பெரிய தொகைக்குச் சிறிய தொகை ஈடாகாது. கடன் கொடுத்தவர் சரி என்று வாங்கிக்கொண்டாலும் மீதியை அப்புறம் கேட்கலாம். பணத்துக்குப் பதிலாக ஒரு குதிரையோ வேட்டைப் பருந்தோ அங்கியோ கொடுத்தால் கணக்குத் தீரும், காசு மட்டும் குறையக் கூடாது என்பது பின்னல் வழக்கின் வேடிக்கை. இந்தியச் சட்டத்தை எழுதியவர்கள் இந்த விதியைத் தெரிந்தே ஒதுக்கினார்கள்.

அந்த இந்தியப் பிரிவு 1899-ல் கப்பலேறியது. கூட்டு மலாய் மாநிலங்களான பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றில் வந்த ஒப்பந்தச் சட்டம் இந்தியச் சட்டத்தின் வார்ப்பு. இன்றைய மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950-இல் அது 64-ஆம் பிரிவாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடபேதம் மிகக் குறைவு. அதே ஐயாயிரம், அதே இரண்டாயிரம். ரூபாய் இருந்த இடத்தில் வெள்ளி. எட்டணா மறைந்து வெள்ளிக்குப் பாதி என்றானது. தோட்டக் கூலி காசுக் கணக்கில் இருந்த ஒரு நாட்டில் ஐயாயிரம் என்ற எண்ணை யாரும் தொடவில்லை என்பதிலிருந்தே, இந்த எடுத்துக்காட்டுகள் யாரை மனத்தில் வைத்து எழுதப்படவில்லை என்பது விளங்கும். ஆயினும் சட்டத்தின் முன் பால்மரம் வெட்டுகிறவனின் ஐம்பது வெள்ளிக்கும் அதே நியாயம்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இதே போர்ட்டிக்சன் மாவட்டத்தின் தெற்கே லிங்கி ஆற்றைத் தாண்டினால் மலாக்கா. அது நீரிணைக் குடியேற்றம். அங்கே ஓடியது ஆங்கிலச் சட்டம். 1950-ஆம் ஆண்டின் சட்டமும் முதலில் மலாய் மாநிலங்களுக்கு மட்டுமே. மலாக்காவையும் பினாங்கையும் அது எட்டியது 1974-ல். அப்படியானால் முக்கால் நூற்றாண்டு காலம் குறைத்துத் தீர்த்த ஒரு கடன், கொள்கை அளவில், ஆற்றின் இக்கரையில் செத்தும் அக்கரையில் பாதி உயிரோடும் இருந்திருக்கிறது. இதை வைத்து யாரும் லிங்கியில் படகேறிக் கடன் தீர்க்கப் போனதாக நான் சொல்ல வரவில்லை. கடனின் சாவு ஆளுகிற சட்டத்தைப் பொறுத்தது, ஏட்டைப் பொறுத்ததல்ல என்பதற்கு இந்த ஆறு நல்ல சாட்சி.

கிரேபரின் பக்கத்திலிருந்து ஒரு பதில் வரலாம். இது காகிதச் சட்டம், ஏழையின் கடனை எந்தப் பிரிவு காப்பாற்றியது என்று கேட்கலாம். 1966-ஆம் ஆண்டின் மலாயன் லா ஜர்னல் முதல் தொகுதி, 38-ஆம் பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒருவருக்கு எதிராக 8,869 வெள்ளி 94 காசுக்குத் தீர்ப்பு இருக்கிறது. அவருடைய மகன் 4,000 வெள்ளிக் காசோலையைக் கடிதத்தோடு அனுப்புகிறார்: அப்பாவின் கடன் முழுவதற்கும் இது ஈடு, சம்மதமில்லை என்றால் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கொடுத்தவர் தரப்பு காசோலையை மாற்றிப் பணத்தை வைத்துக்கொண்டு, மீதிக்குத் திவால் அறிவிப்பும் கொடுத்தது. கூட்டரசு நீதிமன்றம் 64-ஆம் பிரிவை எடுத்து, பணத்தை வைத்துக்கொண்டதே சம்மதம், கடன் முடிந்தது என்றது. 1872-இன் எடுத்துக்காட்டில் பெயரில்லாமல் நின்ற மூன்றாம் ஆள் இங்கே மகனாக வந்து நிற்கிறார். ஏழைக்கு வழக்கறிஞர் கிடைப்பாரா என்பது வேறு கேள்வி. சட்டம் வாய் திறந்தபோது எந்தப் பக்கம் பேசியது என்பதில் ஐயமில்லை.

இனிப் பதிவுகளின் பக்கம். தோட்டத் தமிழர் வரலாற்றில் கடன் பதிவு என்றதும் பலருக்கும் நினைவு வருவது இலங்கையின் துண்டு முறை. கங்காணியும் அவருடைய ஆட்களும் ஒரு தோட்டத்துக்குத் தர வேண்டிய தொகையைக் குறித்து, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று துரை கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் தொகையைக் கட்டும். கடன் புதிய தோட்டத்தின் பேரில் ஏறும். 1921-ல் அது ஒழிக்கப்பட்டது. இன்றைய கடன் அறிக்கையைத் துண்டின் மறுபிறப்பு என்று சொல்வது மேடையில் கைதட்டல் வாங்கும், வரலாறாகாது. துண்டில் எழுதியது உயிரோடு இருக்கும் கடன். இன்றைய அறிக்கை செத்த கடனையும் பேசுகிறது. மேலும் மலாயாவில் 1907-ஆம் ஆண்டின் தமிழர் குடிவரவு நிதி, ஆள் கொண்டுவரும் செலவை முதலாளிகள் மீதான வரியாக மாற்றியபின், கப்பல் கூலியே கடனாக ஏறும் வழி பெருமளவு அடைபட்டது. இங்கே தொழிலாளியின் கடன் கடைக்காரரின் சிட்டையிலும் லேவாதேவிக்காரரின் பேரேட்டிலும்தான் வளர்ந்தது.

அந்தப் பேரேட்டில் குறைத்துத் தீர்த்த கடன் எப்படி நின்றது? வட்டியைத் தள்ளி அசலை வாங்கிக்கொண்டாலும், அசலிலேயே கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும், வந்ததை வரவு வைத்து விட்டதைத் தள்ளுபடியில் எழுதிப் பற்றை நேர்செய்வார்கள். புரோநோட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஏடு கொடுத்தவரின் சொந்தச் சொத்து. அடுத்த கடைக்காரர் அதைப் புரட்ட முடியாது. ஆனால் ஒரு விலக்கு. மலாயா நகரங்களில் நகரத்தார் எனும் செட்டியார்களின் கிட்டங்கிகளில் பல கடைகள் ஒரே கூரையின் கீழ், ஒரே கூடத்தில், பெட்டியடிக்குப் பெட்டியடியாக இருந்தன. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் எவ்வளவுக்கு முடித்தார் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது. இந்நாட்டின் முதல் கடன் தகவல் நிலையம் கிட்டங்கிதான் என்று துணிந்து சொல்வேன். வாய்ப்பேச்சுக்கு ஆவணம் கிடையாது என்பதாலேயே இதை மறுப்பவர்கள், ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வட்டிக்கு விட்டவர்கள் ஒருவரிடம் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நிறுவ வேண்டியிருக்கும். ஆனால் அந்த நினைவுக்கு இரக்கமும் உண்டு, மறதியும் உண்டு. மழைக்காலத்தில் வேலையில்லாமல் போனதா, சூதாட்டத்தில் போனதா என்ற காரணமும் தொகையோடு சேர்ந்தே நினைவிருக்கும்.

ஜப்பானியர் காலம் இன்னொரு வகை. போருக்கு முந்தைய கடன்களைப் பலர் மதிப்பிழந்துகொண்டிருந்த வாழைமர நோட்டில், அதாவது ஜப்பானியர் அச்சிட்ட பணத்தில், கட்டி முடித்தார்கள். 1948-ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புக் காலக் கடன்சட்டம் அந்தத் தீர்வுகளில் பெரும்பகுதியைச் செல்லும் என்றது. கடைசிக் காலத்துப் பணத்துக்கு மட்டும் மறுமதிப்பு வைத்தது. கடன் கொடுத்த செட்டியார்களுக்கு அது பெரிய அடி. நிலப் பதிவேட்டில் அடமானம் நீங்கியது என்று இருக்குமே தவிர, நீக்கிய பணத்தின் மதிப்பு என்ன என்று கேட்க அதில் கட்டம் இல்லை. கிரேபர் விரும்பும் பெருந்தள்ளுபடிக்கு மலாயாவில் மிக நெருங்கிய நிகழ்ச்சி இதுதான். அங்கே எந்த ஏடும் உடைபடவில்லை.

திருப்பம் 1982-ல் வருகிறது. அந்த ஆண்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா கடன் தகவல் பிரிவைத் தொடங்கியது. 1990-ல் சிடோஸ் என்ற தனியார் கடன் அறிக்கை நிறுவனம் வந்தது. 2001-ல் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கணினி முறை. கடன் அறிக்கை நிறுவனங்களுக்கான சட்டம் 2010-ல் நிறைவேறி 2014-ல் நடைமுறைக்கு வந்தது. இதனிடையே, 2006-ல், கடனில் மூழ்கியவர்களுக்கு ஆலோசனை சொல்லித் தவணையை மாற்றி அமைக்க ஏ.கே.பி.கே. வந்தது. கிட்டங்கிக் கூடத்தின் வாய்ப்பேச்சு இப்படித்தான் நாடு தழுவிய பதிவானது. குறைத்துத் தீர்த்ததைத் தனியாகக் கவனிக்கும் பழக்கம் இந்த வரிசையில் எந்த ஆண்டில் வேர்விட்டது என்று ஒரு தேதியில் நிறுத்த முடியாது. 1982-க்கும் 2001-க்கும் நடுவே படிப்படியாக என்பதற்கு மேல் சான்று இடம் தரவில்லை.

சிசிரிஸ் அறிக்கையின் பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு கடனுக்கு ஒரு வரி. நிலுவை எவ்வளவு என்பதன் வலப்புறம் பன்னிரண்டு சிறு கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 0. ஒரு தவணை பாக்கி என்றால் 1. அப்புறம் 2, 3 என்று ஏறும். பேரம் பேசிக் குறைக்கிற நிலைமைக்கு வருகிற கடன் அதற்கு முன் பல மாதம் கட்டாமல் கிடந்திருக்கும். ஆகவே பேரத்துக்கு முன்பே கட்டங்கள் பேசத் தொடங்கிவிடுகின்றன. வழக்கு வரை போயிருந்தால் சிடோஸ் அறிக்கையில் அதுவும் ஏறும். கடன் தீர்ந்த கடிதத்தைக் கொடுத்தவரிடம் வாங்கிக் கொண்டுபோய்க் காட்டி நிலையை மாற்றச் சொல்வது கடன்பட்டவர் பாடு. 64-ஆம் பிரிவு முழுக் கடனும் தீர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கட்டங்களில் உள்ள எண்களை அழிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

அதே மூலச்சட்டம் உள்ள இந்தியாவில் இந்த முரண் இன்னும் வெளிப்படை. 2000-ல் தொடங்கிய சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் முழுதாகக் கட்டிய கடனுக்கு ‘குளோஸ்டு’, குறைத்து முடித்ததற்கு ‘செட்டில்டு’ என்று தனி முத்திரை. 63-ஆம் பிரிவு பார்க்காத வேறுபாட்டை அறிக்கை பார்க்கிறது. 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சமரசத் தீர்வு விதிகள், விவசாயக் கடன் நீங்கலாக, அப்படி முடித்தவருக்குப் புதுக்கடன் தர, கடன் கொடுத்த நிறுவனம் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்றன. சட்டத்தில் செத்த கடனுக்கு ஓராண்டு துக்கம்.

கட்டங்கள் காரணம் கேட்பதில்லை என்பதுதான் கிட்டங்கிக்கும் கணினிக்கும் உள்ள பெரிய வேறுபாடு. நிப்பா நோயில் நாடு முழுக்க 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. புக்கிட் பெலண்டோக் சுற்றுவட்டாரத்தில் ஒரு தொழிலே நின்றுபோனது. அப்படி விழுந்த கடனும் சூதாட்டத்தில் விழுந்த கடனும் மாதக் கட்டத்தில் ஒரே எண்ணாகத்தான் விழும். ஆனால் 2020-ல் பெருந்தொற்றின்போது ஆறு மாதத் தவணை நிறுத்தம் தந்த பேங்க் நெகாரா, அந்த மாதங்களைச் சிசிரிஸில் பாக்கியாகக் காட்டக் கூடாது என்றது. பதிவைக் கடனிலிருந்து பிரித்து ஆள முடியும் என்பதை அரசே செய்து காட்டிய இடம் இது. கிரேபரின் திட்டத்தில் இதற்கு இடமில்லை. இங்கே கடன் அப்படியே இருந்தது. வாய் மூடியது ஏடு மட்டும்.

இன்னொரு எதிர்ச்சான்று தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் வாங்கிய உயர்கல்விக் கடனிலேயே இருக்கிறது. அதை வழங்கும் பிடிபிடிஎன் 2012 அக்டோபர் தொடங்கி ஓராண்டுக்குள் கடனை ஒரே தடவையில் முடிப்பவர்களுக்கு 20 விழுக்காடு கழிவு தந்தது. வெள்ளிக்கு எண்பது காசு கட்டி முடித்தவர்களை யாரும் குறைத்துத் தீர்த்தவர்கள் என்று சொல்லவில்லை, பொறுப்பானவர்கள் என்றார்கள். வங்கியோடு பேசி வெள்ளிக்கு எண்பது காசில் முடித்தவர் நிலைமை வேறு. கொடுத்தவருக்குக் குறைந்த தொகை இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் கழிவை முன்மொழிந்தவர் கடன் கொடுத்தவர். மற்றதில் வாங்கியவர், அதுவும் பல மாதம் பாக்கி வைத்த பிறகு. பதிவு தண்டிப்பது இழந்த பணத்தையா, தவறிய மாதங்களையா, அல்லது முதலில் வாய் திறந்தவரையா என்பதைப் பிரித்தறிய, ஒரு தவணையும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும்போதே குறைத்து முடித்துக்கொண்டவர்களின் அறிக்கைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.